இரண்டு பேர் இறங்கினால்

குளிர்காலக் கணக்குக்காக ஊரெல்லாம் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, பெரில் பாறைகளை எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

மலையிலிருந்து கடற்கரைக்குக் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கும் கம்பி நாற்காலி மலை விளிம்பைத் தாண்டிவிட்டிருந்தது. இருவர் உட்காரும் நாற்காலி. மடிக்கு முன்னால் ஓர் இரும்புத் தண்டு, கால்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடப்பக்கச் சரிவில் மணல் பட்டை பட்டையாக நின்றது. காவி, மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல், சாயம் தோய்த்த துணிகளை யாரோ ஈரம் காயுமுன் அருகருகே தொங்கவிட்டதுபோல. அதற்கு அப்பால் சுண்ணாம்புப் பாறையின் நீண்ட வெண்சுவர் கடலுக்குள் போய், போகப் போகத் தாழ்ந்து, ஓரிடத்தில் முறிந்து, அங்கிருந்து தனித்தனிப் பாறைகளாக நின்றது. கடைசிப் பாறையின் காலடியில் கலங்கரை விளக்கம்.

டெரெக் எண்ணினார். மூன்று.

எண்ண வேண்டிய தேவையே இல்லை. அவர் பிறந்ததிலிருந்து அவை மூன்றுதான். தீவின் மேற்கு முனையில் நிற்கும் அவற்றுக்கு ஊசிப் பாறைகள் என்று பெயர். உண்மையில் ஊசிபோல இருந்தது நாலாவது ஒன்று மட்டும். அது ஒரு புயலில் விழுந்து இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெயரை மற்ற மூன்று குட்டைப் பாறைகளுக்கு விட்டுவிட்டு அது போய்விட்டது. லோத்தின் மனைவி என்று அதைச் சொல்வார்கள். பைபிள் கதையில், நகரம் எரியும்போது திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப் போனவள். அவள் நின்ற இடம் நடுவில் இன்னும் காலியாக இருக்கிறது, விழுந்த பல்லின் இடம்போல.

டெரெக்கின் அப்பா கோடைக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் பாறைகளைச் சுற்றிக் காட்டியவர். எண்ணும்போது அந்தக் காலி இடத்திலும் விரலை நிறுத்துவார். ஒன்று, இரண்டு, அவள், மூன்று. விட்டுவிட்டு எண்ணினால் அவளுக்குப் பிடிக்காது என்பார். படகிலிருந்தவர்கள் சிரிப்பார்கள். டெரெக்குக்குப் பதினெட்டு வயதானபோது அப்பா இறந்துபோனார். எண்ணும் முறை தங்கிவிட்டது. பிற்பாடு கல்யாணமாகி வந்த பெரிலுக்கு டெரெக்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார். அவள் அக்கரைக்காரி, போர்ட்ஸ்மத்துப் பெண். முதல் தடவை கேட்டபோது, தீவுக்காரர்களுக்கு இல்லாத பெண்கள்மேல்தான் ஆசை என்று கேலி செய்தாள்.

"நாலு இல்ல பெரில். மூணு. நடுவுல இருக்கற இடத்துக்கு அவள்."

பெரில் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்குக் கொடுக்கும் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"அப்படியா. நீங்க இந்தத் தீவுக்காரரா?"

"ஆமாம்."

"என் வீட்டுக்காரரும் இந்தத் தீவுதான். நல்லா எண்ணுவார்."

டெரெக் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவள் அனுமதித்தாள்.

மேலே மணல் கடையிலேயே ஒன்று சரியில்லாமல் போயிருந்தது.

ஒவ்வொரு வருடமும் கம்பி நாற்காலியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும் கடைசி நாளில் அவர்கள் இருவரும் இங்கே வருவார்கள். கூட்டம் இருக்காது. கடையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் வண்ண மணல் நிரப்புவார்கள், கீழே இறங்குவார்கள், பாறைகளைப் பின்னால் வைத்து டெரெக் அவளைப் படம் எடுப்பார், பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். குப்பிகள் சமையலறை ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன. மணி, கலங்கரை விளக்கம், கடல்குதிரை, பூட்ஸ் வடிவங்களில்.

குப்பி நிரப்புவதில் தீவுக் குழந்தைகளுக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. வாய் வரை நிரப்பவேண்டும். மேசையில் தட்டவேண்டும், மணல் இறங்கும், மறுபடி நிரப்பவேண்டும். மூடி மணலை அழுத்தி உட்கார வேண்டும். நகக்கண் அளவு இடம் விட்டாலும் போதும், அடுக்குகள் வழியிலேயே நகரத் தொடங்கிவிடும். வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடும்.

பெரில் இந்த முறை நீளமான ஒல்லிக் குப்பி ஒன்றை எடுத்தாள். அவள் மறந்துபோன எதையும் கைகள் மறக்கவில்லை. காவி, மஞ்சள், மறுபடி காவி, பிறகு சாம்பல். குச்சியால் ஓரத்தில் குத்தி அலை வைத்தாள். டெரெக் பார்த்துக்கொண்டே நின்றார். முக்கால் குப்பி ஆனதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டெரெக் கரண்டியை எடுத்தபோது குப்பியின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"மீதி அவங்களுக்கு," என்றாள்.

கல்லாவில் நின்ற ஃபிரேயா என்ற பெண், கலங்கிடும் சார், ரெண்டே ரெண்டு கரண்டி போட்டுடுங்க என்று மெதுவாகச் சொன்னாள். டெரெக்குக்கு அது தெரியாதா. ஆனால் அவளாகச் செய்த ஒன்றை அவள் கையிலிருந்து பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை. அதுவும் இன்றைக்கு. அவளே செஞ்சது, இருக்கட்டும் என்றார். இடைவெளியை அப்படியே விட்டு மூடியை அழுத்தினார். குப்பியைப் பெரில் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய பெட்டி காரின் டிக்கியில் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்க்க வேண்டும். நல்ல இடம், அறையிலிருந்து கடல் தெரியும். இரண்டு தடவை ராத்திரி வீட்டைவிட்டு வெளியே போய்விட்டாள், ஒரு தடவை அடுப்பில் கேஸைத் திறந்தபடி விட்டுவிட்டாள். டாக்டரும் மகளும் பேசி முடிவெடுத்தார்கள், டெரெக் தலையசைத்தார். நினைவு தெளிவாக இருந்த கடைசி மாதங்களில் பெரில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. என் கையை விடக் கூடாது. டெரெக் விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

நாளையைப் பற்றி இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் இந்த நாளை வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடம், அவள் தன்னை யாரென்று தெரிந்து பார்த்தால் போதும். அப்போது சொல்லிவிடலாம். தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

கீழே நாற்காலியைப் பிடித்து நிறுத்திய கானர் இளைஞன். எந்திரச் சத்தத்துக்காகப் பெரிய காதுமூடி போட்டிருந்தான். பேசவேண்டுமென்றால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவான். வருடா வருடம் அவர்களைப் பார்க்கிறவன்.

"நீங்கதான் கடைசி. நாலேகாலுக்கு நிறுத்திடுவேன், அப்புறம் மார்ச்லதான். படிக்கட்டு மண் சரிஞ்சு மூடிக் கிடக்கு, ஞாபகம் இருக்கட்டும்." அவன் இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு பேர் இறங்கினா ரெண்டு பேர் ஏறணும். குறைஞ்சாலும் எனக்குத்தான் திட்டு, கூடினாலும் எனக்குத்தான் திட்டு."

டெரெக் சிரித்தார். கானர் காதுமூடியைப் பழையபடி இறக்கிக்கொண்டான்.

கரையில் வேறு யாருமில்லை. அலை வந்து கூழாங்கற்களை மேலே தள்ளியது. திரும்பும்போது அவற்றைப் பல்லால் நறநறவென்று அரைத்தபடி இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கரையில் பூனைகூடச் சத்தமில்லாமல் நடக்கமுடியாது. பெரிலின் நடை அவர் காதுக்குப் பழகியது: வலது கால் அழுத்தமாக, இடது கால் சற்றே இழுபட்டு. நறுக், சர்ர். நறுக், சர்ர்.

ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார்கள். டெரெக் தேநீர் ஊற்றினார். முட்டை சாண்ட்விச்சின் ஓரங்களை அவள் எப்போதும்போல முதலில் கடித்துத் தீர்த்தாள்.

"நாளைக்கு நாம ஒரு இடத்துக்குப் போறோம்," என்றார்.

"திரும்பி வருவோமா?"

"டீ ஆறுது, குடி."

அவள் குடித்தாள். வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. நேற்றுவரை நாலு மணி என்றால் இன்னும் நிறையப் பொழுது இருந்தது. உடம்பு இன்னும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. அவர் அவசரப்படவில்லை. தண்ணீருக்குச் சற்று இப்பால், பாறைகள் பின்னால் தெரியும்படி அவளை நிறுத்தினார். நீலக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டார். அசையாம நில்லு என்றார். அவள் நின்றாள். அவர் கையை விட்டார்.

கைபேசியைப் பிடித்தபடி பின்னால் நடந்தார். அவளும் பாறைகளும் ஒன்றாக விழவேண்டும். ஓர் அடி, இன்னும் ஓர் அடி. திரையில் நீலக் கோட்டு சிறிதானது. அதன் தோளுக்கு மேலே வெண்மையாகப் பாறைகள். ஒன்று, இரண்டு.

விரல் நின்றது.

காலி இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. மற்றவற்றைவிட உயரம், ஒல்லி. மேலே சற்றுக் குறுகி, தோள்போல அகன்று, கீழே நேராக இறங்கியது. கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் திரையைக் கட்டைவிரலால் துடைத்தார். அது போகவில்லை. கைபேசியை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தார்.

அதற்குள் மூடுபனி வந்திருந்தது. காற்றில்லாமல், கடலின்மேல் ஊர்ந்து, ஒலியே இல்லாமல் வந்தது. முதலில் பாறைகள் போயின. பிறகு கடல். பிறகு அலையின் நுரை. நீலக் கோட்டு ஒரு கறைபோல மங்கி, சாம்பலாகி, அதுவும் போயிற்று. கலங்கரை விளக்கத்தின் சங்கு ஒரு தடவை ஊதியது, அடிவயிற்றில் கை வைப்பதுபோல.

"பெரில், அங்கேயே நில்லு. நான் வரேன்."

நடந்தார். அவருடைய செருப்புக்கடியில் கற்கள் நொறுங்கின. நேராகத்தான் நடந்தார். அவள் நின்ற இடம் வந்துவிட்டது, தாண்டிவிட்டது, முன்னால் தண்ணீர் இருந்தது. இடது பக்கம் போனார். கூப்பிட்டார். நின்று கேட்டார். அலை, அரைபடும் கல், தன் மூச்சு. நறுக், சர்ர் இல்லை. எங்கும் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. வெள்ளையடித்த அறையின், பள்ளிக்கூடக் கரும்பலகையின் வாசனை. நாக்கில் மாவு படிந்தது.

அவர் கையை விட்டிருந்தார்.

"டெரெக்."

பின்னாலிருந்து.

திரும்பினார். அவள் தண்ணீரின் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். நீலக் கோட்டின் கீழ் ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. முதுகு நேராக இருந்தது. அப்படி அவள் நின்று அவர் பார்த்துப் பல வருடங்கள்.

"வாயைத் திறந்துட்டு நிக்காதே. கடைசி நாற்காலி போயிடும்."

பெயர். எட்டு மாதமாக அவள் வாயில் வராத பெயர்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? ரைட் ஊரு நடனக் கூடத்துல என் காலை மிதிச்ச தடியன். பச்சை ஷூ. அன்னிக்குத்தான் புதுசா வாங்கினது."

பச்சை என்பது அவருக்கே மறந்திருந்தது. டெரெக் அழுதார். எழுபத்து நான்கு வயது மனிதர், கரையில் நின்று, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். இதற்காகத்தான் வந்திருந்தார். ஒரு நிமிடம் கேட்டிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்று, உலர்ந்து, சற்றே சொரசொரப்பாக இருந்தது. குளிர் என்று நினைத்தார். கோட்டு நனைந்திருக்கிறது, கை எப்படி உலர்ந்திருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தார். யோசனையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

நடந்தார்கள். அவள் பேசிக்கொண்டே வந்தாள்: மகள் பிறந்த இரவு, முதல் காரின் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது, அவர் சமைத்துக் கருக்கிய ஈஸ்டர் ஆட்டுக்கறி. எல்லாம் சரியாக இருந்தது. டெரெக் ஆமாம் ஆமாம் என்றார். கற்கள் நொறுங்கின. நறுக். நறுக். நறுக்.

அது அவருடைய கால்கள் மட்டும்.

கானர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். விளக்கைத் தூக்கி இருவர் முகத்திலும் காட்டினான். காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான்.

"ரெண்டு இறங்கி ரெண்டு ஏறியாச்சு. நான் பொழைச்சேன். இந்தப் பனியில உங்களைத் தேடி அலையணுமோன்னு இருந்தேன்."

உட்கார்ந்தார்கள். நாற்காலி அவள் பக்கமாகச் சாய்ந்தது. மேலே கம்பி முனகியது. கானர் இரும்புத் தண்டை இறக்கியவன் கம்பியை நிமிர்ந்து பார்த்தான்.

"மேடம், கல்லெல்லாம் பையில அள்ளிட்டீங்களா? கரையிலேர்ந்து ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது, சட்டம் தெரியுமில்ல."

பெரில் அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். பல் வெள்ளையாக இருந்தது. டெரெக்கும் சிரித்தார். கானர் அவர்களை அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தான். சில நாற்காலிகள் தள்ளி அவனும் ஏறிக்கொள்வான். அவன் மேலே வந்து சேர்ந்ததும் எந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு மார்ச்.

ஏறும்போது முகம் மலையைப் பார்த்திருக்கும், முதுகு கடலுக்கு. முன்னால் பனிக்குள் கம்பி மட்டும் மேலே போய் மறைந்தது. தூண்களைக் கடக்கும்போது சக்கரங்கள் கடகடத்தன, பிறகு அமைதி, மறுபடி கடகடப்பு. பக்கச் சரிவின் மணல் நிறங்கள் பனியில் ஒவ்வொன்றாக அணைந்து எல்லாம் ஒரே சாம்பலாகியிருந்தன.

டெரெக் உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளைப் பொடி. பேண்ட்டில் துடைத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது.

"நாளைக்கு ஃப்ரெஷ்வாட்டருக்குப் போக வேண்டியதில்லையே?" என்றாள்.

அவர் அவளிடம் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

"இல்லை," என்றார். சட்டென்று வந்தது. "இனிமே எதுக்கு."

"பெட்டியை எடுத்து உள்ள வச்சிடு."

"வச்சிடறேன்."

அவள் கோட்டுப் பையிலிருந்து குப்பியை எடுத்து மடியில் வைத்தாள். அடுக்குகள் கலையவில்லை. காவி, மஞ்சள், காவி, சாம்பல், அலை வைத்தது வைத்தபடி. சாம்பலுக்கு மேலே வெள்ளை. குப்பியின் வாய் வரை, மூடியை அழுத்தும்படி, வெள்ளை. இடைவெளி இல்லை.

டெரெக் மூடியைப் பார்த்தார். அவர் அழுத்தியபடியே இருந்தது.

சக்கரங்கள் கடகடத்தன.

"உன் அப்பா நல்ல மனுஷன்," என்றாள். "ஒண்ணு, ரெண்டு, அவள், மூணு. மத்தவங்க விட்டுட்டுத்தான் எண்ணுவாங்க. அவர் விடமாட்டார். படகுல எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு குண்டுப் பையன் முன்னால உக்காந்திருப்பான், கயிறைப் பிடிச்சுக்கிட்டு. உனக்கு அப்ப முன்பல் இல்ல."

டெரெக் அசையவில்லை.

பெரில் அந்தப் படகைப் பார்த்ததில்லை. அவர்கள் சந்திப்பதற்கு முன்பே அதை விற்றாகிவிட்டது. முன்பல் இல்லாத வயதில் அவரை அவளுக்குத் தெரியாது. படகில் உட்கார்ந்த பையனின் பல் கரையிலிருந்து யாருக்கும் தெரியாது. பாறைகளுக்கு அருகே வந்தால்தான் தெரியும். பாறைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால்.

இரும்புத் தண்டு மடியில் குளிர்ந்தது. கீழே பாதி மலை உயரம். இறங்க முடியாது. அவர் பக்கவாட்டில் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அவளுடைய மூச்சு பனியில் புகையாக வரவில்லை. அவருடையது வந்தது.

கை அவர் கைக்குள் இருந்தது. நல்ல பிடி. விடாத பிடி.

அப்போது கேட்டது.

கீழே. ஆழத்தில். கற்கள்.

நறுக், சர்ர்.

நின்றது.

நறுக், சர்ர்.

அவர் செருப்புகளுக்கு நடுவே குனிந்து பார்த்தார். பனி கிழிந்த ஒரு துளை. அதற்குள் கரை. கரையில் விரல் அளவு நீலம். நீலம் இரண்டடி நடந்தது. சுற்றிப் பார்த்தது. எதிர்ப்பக்கம் இரண்டடி நடந்தது. தண்ணீர் அதன் காலருகே வந்து வந்து போனது. அலை முன்பைவிட மேலே ஏறியிருந்தது.

"டெரெக்," என்றது பக்கத்துக் குரல், மிக அன்பாக. "திரும்பிப் பாக்காதே. நான் பாத்தேன். எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல."

அவர் கழுத்து ஏற்கெனவே திரும்பியிருந்தது. கடல்மேல் பனி ஒரு கணம் விலகியது. கலங்கரை விளக்கம். பாறைகள். ஒன்று. இரண்டு. காலி. மூன்று.

பின்னால் சில நாற்காலிகள் தள்ளி ஒரு நிழல், காதுமூடியுடன், தலை குனிந்து. கத்தினால் கேட்கலாம். நன்றாக, முழு நெஞ்சாலும் கத்தினால். கானர் வாக்கிடாக்கியில் மேலே பேசுவான், எந்திரத்தை நிறுத்துவார்கள், விளக்கோடு இறங்குவார்கள். இப்போதே கத்தவேண்டும்.

டெரெக் வாயைத் திறந்தார். நாக்கில் மாவு. உலர்ந்த மாவு.

பச்சை ஷூ. கயிற்றால் கட்டிய கதவு. டெரெக் என்ற பெயர், நாளைக்கும், நாளை மறுநாளும், காலையில் சமையலறையில்.

கை அவர் விரல்களை மெல்ல அழுத்தியது.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. மேலே விளக்குகள் மங்கலாகத் தெரியத் தொடங்கின. சக்கரங்கள் கடைசித் தூணைக் கடந்தன. நீலம் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தி, பனிக்குள் மேலே போகும் நாற்காலியைக் கண்டுபிடித்து, கையை உயர்த்தியது. தெரியாத ஒருவரிடம் பேசும் அந்தப் பணிவான குரல், ஆழத்திலிருந்து, தெளிவாக வந்தது.

"சார், மேல போறவரே, என் வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? என் கையை விடமாட்டேன்னு சொன்னார்."